லேபிள் இல்லாத வாதப் பொடி: சட்டம் இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் கேபிள் சேனலில் தினமும் காலையில் அரை மணி நேரம் ஒரு நிகழ்ச்சி ஓடுகிறது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்ட ஒருவர், "முடக்குவாதமா? ஒரே மண்டலத்தில் வேரோடு போய்விடும். இங்கிலீஷ் மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள்" என்கிறார். கீழே செல்போன் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே எண் பேருந்து நிலையச் சுவரிலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை கல்யாண மண்டபத்தில் 'இலவச முகாம்' வேறு. இதைத் தடுக்க அதிகாரம் உள்ளவர்கள் ஏன் கைகட்டி நிற்கிறார்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு முடக்குவாதம். நோய் முற்றிய நாட்களில் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாது. குழாயைத் திருக, தலை பின்ன, தோசைத் திருப்பியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். மருத்துவமனையில் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடவேண்டிய மாத்திரை; கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. அது வேலைசெய்யவே 6 முதல் 12 வாரம் பிடிக்கும். இதை உட்காரவைத்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. அது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னதும் அக்கா மிரண்டுபோனார். பலன் தெரிவதற்குள் அந்தச் செல்போன் எண்ணுக்கு அழைத்துவிட்டார்.

கூரியரில் இரண்டு ஜிப் கவர்கள் வந்தன. ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் 'கா', மற்றதில் 'இ' என்று எழுதியிருந்தது. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. தயாரித்தவர் பெயர், உரிம எண், தேதி, உள்ளே என்ன சரக்கு என்ற விவரம் எதுவும் கிடையாது. சுக்கு வாசனை அடிக்கிற பழுப்பு நிறப் பொடி. பத்தியமும் வேண்டாம் என்றார்கள்.

சில நாட்களிலேயே அக்கா மாடிப்படி ஏறினார். முகம் உருண்டது. "உடம்பு நல்லா தேறிடுச்சே" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மாத்திரைகள் குப்பைக்குப் போயின. பிறகு சர்க்கரை ஏறியது. தொடையிலும் கையிலும் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. ஒருமுறை கூரியர் தாமதமாகிப் பொடி தீர்ந்துபோக, வாந்தியும் மயக்கமுமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய கார்டிசால் ஏறக்குறைய இல்லை. வெளியிலிருந்து வெகுநாள் ஸ்டீராய்டு போனால்தான் சுரப்பி இப்படி உறங்கிப்போகும் என்று டியூட்டி டாக்டர் விளக்கினார். "அந்தப் பொடியைக் கொண்டு வாங்க" என்று அவர் கேட்ட தொனியிலேயே, இப்படி வந்தவர்களில் அக்கா முதல் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

ஸ்டீராய்டின் இந்த மாயம் புதிதல்ல. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் முடங்கிய ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கு நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை வரும், தொற்றுநோய் எளிதில் பிடிக்கும் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. அதனால்தான் இன்று டாக்டர்கள் அதை அளவு பார்த்து, குறைந்த காலத்துக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். அதே மருந்தை அளவு தெரியாமல், பெயர் சொல்லாமல், சுக்குப்பொடியில் கலந்து கொடுப்பதை என்னவென்று சொல்வது? வலி அடங்கியதால் நோயே போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் மாதங்களில் மூட்டு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். இந்த நோயில் முதல் ஓரிரு ஆண்டுகளே முக்கியம். அரித்த எலும்பை எந்த வைத்தியத்தாலும் திரும்ப வளர்க்க முடியாது. அக்காவின் வலது கை நடுவிரல் வளைந்தது வளைந்ததுதான்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் நொச்சி ஒற்றடமும் பிண்டத் தைலமும் இன்றும் உண்டு. வாத நோய்களை 80 வகையாகப் பிரித்துப் பார்த்த மரபு அது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், என்ன சூரணம் என்று பெயர் எழுதிக் கொடுப்பார், பத்தியம் சொல்வார், ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிப் பார்ப்பார். ஜிப் கவர் வியாபாரிகளால் அவருக்குத்தான் முதல் அவமானம். தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்க வைத்தியருக்குச் சட்டம் சலுகை தருகிறது. டி.வி.யில் கூவி, முகம் பார்க்காதவர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறவர்கள் அந்தச் சலுகைக்குள் ஒளிந்துகொள்ள எப்படி விடலாம்?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் வாத நோய் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் முதல் முறை 6 மாதம் வரையிலும், மறுபடி செய்தால் ஓராண்டு வரையிலும் சிறை. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2018-இல் 170-ஆம் விதி வந்தது. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் அந்த வழக்கு முடிந்து இடைக்காலத் தடையும் விலகிவிட்டது. முன்அனுமதி போனாலும் 1954 சட்டம் அப்படியே இருக்கிறது. அதன் கீழ் வரும் புகார்களைப் பெற எல்லா மாநிலங்களும் இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, அந்தப் புகாரை எங்கள் ஊரில் யாரிடம் கொடுப்பது? நான் ஏறிய அலுவலகங்களில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். பொடியைச் சோதிக்க எங்கே கொடுப்பது என்பதற்கும் பதில் கிடைக்கவில்லை.

அக்கா இப்போது மெத்தோட்ரெக்சேட்டுக்குத் திரும்பியிருக்கிறார். ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்திலிருந்து கால் மணிக்கு வந்திருக்கிறது. சில வாரம் நன்றாக இருக்கும், திடீரென்று ஒரு நாள் முழங்கை வீங்கும். பிசியோதெரபியில் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுத்து, பந்தை அமுக்கிப் பழகுகிறார். இந்த நோயில் தேறுவது இவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும். 'நோய் அடங்கியிருக்கிறது' என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். 'போய்விட்டது' என்று சொல்வதில்லை. முதல் நாளே யாராவது இதைப் பொறுமையாகச் சொல்லியிருந்தால், கேபிள் சேனலில் கேட்ட 'ஒரு மண்டலம்' அக்காவை இழுத்திருக்காது. பெருநகரங்களைத் தாண்டினால் மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பதே பெரும்பாடு என்பதையும் அரசு கவனிக்க வேண்டும்.

மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் இந்த முகாம்களுக்குள் போய் மாதிரி எடுக்க வேண்டும். சோதனை முடிவை ஊரறிய வெளியிட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும், நோயாளி கொண்டுவரும் பொடியை வாங்கி அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப ஒருவரை நியமிக்க வேண்டும். கேபிள் சேனல்மீதும் வழக்குப் போட வேண்டும். 1954 சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மருந்து விற்பவரோடு விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு கொள்கிற எவரையும் பொறுப்பாக்குகிறது.

அந்தப் பிரிவு பத்திரிகைகளுக்கும் பொருந்தும். உங்கள் இதழின் உள்பக்கத்திலேயே 'வாதம் முற்றிலும் குணமாகும்' என்ற கட்டம் கட்டிய விளம்பரத்தைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய விளம்பரங்களை இனி வாங்குவதில்லை என்று இந்தக் கடிதத்துக்குக் கீழேயே அறிவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்.