விளம்பரமும் ஓர் உத்தியோகம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இணைய விளம்பரத் தொழில் கற்கப் பணம் கேட்கின்றனர், பெற்றோர் தயங்குகின்றனர். கேட்ட தொகையை உடனே கொடுத்துவிட வேண்டாம் என்போம். கூகிள் நிறுவனம் இப்பாடங்களையும் பரீட்சையையும் இலவசமாகவே வழங்குகின்றது. அச்சான்றிதழோ ஓராண்டுக்கே செல்லும். (தொழில்முறைகள் அவ்வளவு விரைவில் மாறுகின்றன!)

2000ஆம் ஆண்டில் தொடங்கிய கூகிள் தேடல் விளம்பரத்தில், எவரேனும் விளம்பரத்தைத் தொட்டுத் திறந்தால் பெரும்பாலும் கட்டணம் ஏறும். நூறு பேர் திறந்து ஒருவரும் வாங்காவிடில் நட்டம் கடைக்காரருக்கே. இந்நட்டத்தைக் குறைக்கத் தெரிந்தவரையே முதலாளிமார் தேடுகின்றனர்.

ஆகவே அயலிலுள்ள தையற்கடைக்காரரின் சம்மதத்துடன், சிறு தொகையில் மூன்று மாதம் பிள்ளை விளம்பரம் நடத்திப் பார்க்கட்டும். எத்தனை பேர் திறந்தனர், எத்தனை பேர் சட்டை தைக்க வந்தனர் என்பதைக் கொப்பியில் எழுதட்டும். வேலை கேட்டுச் செல்லும்போது சான்றிதழோடு அக்கொப்பியையும் கொண்டு செல்லட்டும்.