ஓடிபி சொன்னவர் மட்டுமா குற்றவாளி? கல்வி உதவித்தொகையும் வங்கி அட்டை மோசடியும்

வட மாவட்டம் ஒன்றின் சேரியிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை அவரது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. "ஆதிதிராவிடர் நலத்துறையிலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவருக்கு மாணவியின் பெயர், தந்தையின் பெயர், கல்லூரி, பாடப்பிரிவு, விண்ணப்பித்த ஆண்டு எல்லாம் தெரிந்திருந்தன. உதவித்தொகையின் மீதிப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், வங்கி அட்டையைச் சரிபார்த்தால் அன்றே விடுவித்துவிடலாம் என்றும் அவர் கூறினார். அட்டையின் எண்களைக் கேட்டார். பின்புறமுள்ள மூன்று இலக்கங்களைக் கேட்டார். பிறகு கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். மாணவி சொன்னார்.

முதலில் 15,000 ரூபாய் போனது. அடுத்து 14,000 ரூபாய். ஏமாற்றப்பட்டதை உணர்ந்த மாணவி உடனே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அட்டையை முடக்குமாறு கேட்டார். அந்த அழைப்பு முடிந்து இருபது நிமிடங்களுக்குப் பின், ஓடிபியே கேட்காத வெளிநாட்டு இணையதளம் ஒன்றின் வழியாக இன்னுமொரு 9,000 ரூபாய் எடுக்கப்பட்டது.

மறுநாள் காலை வங்கிக் கிளைக்குச் சென்றார். "ஓடிபியைச் சொல்லிவிட்டு இங்கே வந்து அழுதால் நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். காவல் நிலையத்தில், மாவட்டத் தலைநகரிலுள்ள சைபர் கிரைம் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். கல்லூரியில், கட்டணம் செலுத்தாவிட்டால் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்காது என்றார்கள். மூன்று இடங்களிலும் அவர் கேட்டது ஒரே தீர்ப்பைத்தான்: தவறு உன்னுடையது.

அந்தத் தீர்ப்பு சட்டப்படி எவ்வளவு சரி, எவ்வளவு பொய் என்பதை இங்கே ஆராய்வோம்.

இது யாருடைய பணம்?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. இந்தியாவில் தலித் மக்களின் உயர்கல்வி வரலாற்றை இத்திட்டத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 2021-22ஆம் கல்வியாண்டிலிருந்து இத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. கல்லூரிக்கு உரிய கட்டணத்தை மாணவரே எடுத்துச் செலுத்த வேண்டும்.

இடைத்தரகர்களின் கையிலிருந்து பணத்தை மீட்டதில் இம்மாற்றத்துக்குப் பங்குண்டு. ஆனால், பணத்தோடு சேர்ந்து அதைப் பாதுகாக்கும் சுமையும் மாணவரின் தோளுக்கு மாறிவிட்டது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்றும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. இவை அனைத்தும் வங்கிக் கணக்கு வழியாகவே வருகின்றன. தாயும் மகளும் மகனும் ஒரே வீட்டில் மூன்று ஏடிஎம் அட்டைகளை வைத்திருக்கும் காலம் இது. அந்த அட்டையால் என்னென்ன செய்ய முடியும், எதையெல்லாம் முடக்கி வைக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை மட்டும் எந்தத் துறையும் முழுமையாக ஏற்கவில்லை.

வங்கி சொல்லாத சட்டம்

அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் இழப்பு யாரைச் சேரும் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. அதன் சாரத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

வங்கியின் குறைபாட்டாலோ, கவனக்குறைவாலோ, அதன் ஊழியர் உடந்தையாக இருந்ததாலோ இழப்பு நேர்ந்திருந்தால், வாடிக்கையாளர் புகார் அளித்தாலும் அளிக்காவிட்டாலும் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

குறைபாடு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை; வேறெங்கோ தகவல் கசிந்திருக்கிறது. அப்போது, வங்கியின் குறுஞ்செய்தி கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் அளித்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் அளித்தால், வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு உண்டு: குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், பிற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாய்.

அட்டை விவரங்களையோ ஓடிபியையோ பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். வங்கி மேலாளர்கள் இந்த இடத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரி இதுதான்: புகார் அளித்த பின்னர் நேரும் இழப்பு முழுவதையும் வங்கியே ஏற்க வேண்டும்.

எனவே, நம் மாணவியின் மூன்றாவது இழப்பான 9,000 ரூபாயில் "ஓடிபி சொன்னாய்" என்ற வாதத்துக்கே இடமில்லை. அவர் தகவல் தெரிவித்த பிறகு அது நடந்தது. மேலும், புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப் இயந்திரங்களிலும் மட்டுமே இயங்க வேண்டும், இணைய வழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறந்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியிலேயே ஆணையிட்டிருந்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்த மாணவி ஒருபோதும் கேட்டதில்லை.

வாடிக்கையாளரின் தவறு என்று வங்கி சொன்னால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் சர்ச்சைக்குரிய தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும்.

நீதிமன்றங்களும் இதே திசையில் நகர்ந்துள்ளன. குறுஞ்செய்தி எச்சரிக்கைக்கு வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்பதைக் காட்டி வங்கி தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. அசாமில், இணையத்தில் வாங்கிய ஆடையைத் திருப்பித்தர முயன்ற ஒருவர், வாடிக்கையாளர் சேவை அதிகாரி போல் பேசியவரிடம் ஏமாந்து 94,204 ரூபாயை இழந்தார். ஓடிபியைப் பகிர்ந்தது அவர்தான் என்று வங்கி வாதிட்டது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் அளித்திருந்தார். வங்கியே பொறுப்பு என்ற கவுகாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து பாரத ஸ்டேட் வங்கி செய்த மேல்முறையீட்டை, 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஓடிபியை எவரிடமும் பகிரக் கூடாது என்று வாடிக்கையாளர்களையும் அதே நீதிமன்றம் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

பட்டியல் எங்கிருந்து போனது?

மாணவியின் தந்தை பெயரும் விண்ணப்ப ஆண்டும் மோசடிக்காரருக்கு எப்படித் தெரிந்தன? இந்தக் கேள்வியை வங்கியும் கேட்கவில்லை, காவல் நிலையமும் கேட்கவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை ஒன்றாக இருக்கின்றன. அந்த விண்ணப்பம் இணைய சேவை மையம், கல்லூரி அலுவலகம், அரசுத் துறை எனப் பல கைகளைக் கடக்கிறது. அதிலிருந்து ஒரு பட்டியல் கசிந்தால், அது வெறும் கைபேசி எண்களின் பட்டியல் அன்று. ஏழைகளின், சாதியின் பட்டியல்.

2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதி குறித்த விவரத்தைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. தரவைப் பாதுகாக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பணத்தை இழந்தவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணைக் குற்றங்களில் ஏமாற்றுதல் இடம்பெறவில்லை. ஏமாற்றுதலுக்கான உச்ச தண்டனை ஏழாண்டு என்பதால், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களைப் பற்றிய 3(2)(v) பிரிவும் பொருந்தாது. சாதிச் சான்றிதழ் உள்ளவர்கள் என்று அறிந்தே தேர்ந்தெடுத்துக் கொள்ளையடித்தாலும், சட்டத்தின் பார்வையில் அது சாதாரண மோசடிதான். நம் இயக்கங்கள் இன்னும் பேசத் தொடங்காத இடைவெளி இது.

பணம் போனால் முதல் ஒரு மணி நேரத்தில்

முதலில் வங்கியின் உதவி எண்ணை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்க வேண்டும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அழைப்புப் பதிவைத் திரைப்பதிவு எடுத்து வைக்க வேண்டும். நம் மாணவியின் வழக்கில் அந்த ஒரு படம்தான் சான்றாக நின்றது.

அடுத்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறும் முன் அதை நிறுத்தி வைக்க முடிவது இந்த வழியில்தான். பின்னர் வங்கிக் கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, முத்திரையுடன் ஒப்புகை பெற வேண்டும்.

காவல் நிலையம் "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி ஆகிய பிரிவுகளைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கணக்கிடப்படும் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அதற்கான உதவி எண் 15100.

பணம் போகாமலிருக்க

பணம் பெறுவதற்குப் பின் எண்ணோ, ஓடிபியோ, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதோ தேவையில்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டுமே. இந்த ஒரு வாக்கியத்தை விடுதிச் சுவர்களில் எழுதி ஒட்டுங்கள்.

உதவித்தொகை வரும் கணக்கின் அட்டையில் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் அணைத்து வையுங்கள். அன்றாட உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். கட்டணம் செலுத்தும் நாளில் மட்டும் திறந்தால் போதும். குறுஞ்செய்தி வரும் எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்று உறுதி செய்யுங்கள். ஊரிலுள்ள பெற்றோர் ஏடிஎம்மில் முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்பதும், அட்டை மாற்றப்படுவதும் இன்றும் நடக்கின்றன; அவர்களோடு ஒருமுறை நீங்களே சென்று பழக்கிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று விடுதி வாசலில் வருபவர்கள் இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகக் கடந்தால், காவல்துறை முதலில் தட்டுவது மாணவரின் கதவைத்தான். வறுமையால் கையேந்திய ஐயாயிரம், குற்றப்பத்திரிகையாக முடிகிறது. இதிலும் இரையாவது நம் பிள்ளைகளே.

தவறு யாருடையது?

மாணவியின் 9,000 ரூபாயை வங்கி திருப்பித் தந்தது. சுற்றறிக்கையின் பத்திகளைச் சுட்டி நாம் எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்குப் பின். 1930 வழியாக நிறுத்தி வைக்கப்பட்ட 6,000 ரூபாய் நீதிமன்ற ஆணைக்காகக் காத்திருக்கிறது. மீதி 23,000 ரூபாய் போனது போனதுதான். விடுதித் தோழிகள் திரட்டிய பணத்தில் அவர் தேர்வு எழுதினார்.

ஓடிபியைச் சொன்னது கவனக்குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய விவரங்களைக் கசியவிட்டவர்களும், முடக்கச் சொன்ன அட்டையை முடக்காதவர்களும், புகாரைப் பதிவு செய்யாதவர்களும் கவனக்குறைவானவர்கள் இல்லையா? அவர்களில் ஒருவர்கூட ஒரு ரூபாயை இழக்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மோசடியில் உதவித்தொகையை இழந்த மாணவரிடம், புகார் முடியும் வரை கல்லூரி கட்டணம் கேட்டு நெருக்கக் கூடாது. உதவித்தொகைத் தரவைக் கையாளும் ஒவ்வொரு நிலையிலும் யார் பொறுப்பு என்பதை ஆதிதிராவிடர் நலத்துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சாதிப் பட்டியலைப் பயன்படுத்திச் செய்யப்படும் மோசடியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, வங்கியின் மேசைக்கு முன் தலைகுனிந்து நிற்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கேட்பது தயவு அன்று, உரிமை.