மேலே என்று சொல்லத் தெரியாத தேனீ

நாய் வளர்க்கிறவர்கள் வீட்டுக்குப் போனால் தப்பாமல் காதில் விழுவது இது: “இவனுக்கு வாய் பேச மட்டும்தாங்க வராது.” மறுத்துப் பேசினால் மனஸ்தாபம். தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிப்பேன். ஆனால் அந்த ‘மட்டும்’ லேசுப்பட்டதில்லை.

கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு குரல் கொடுக்கும், கழுகுக்கு வேறு, பாம்புக்கு வேறு. செய்ஃபார்த், செனி, மார்லர் என்ற மூவர் அந்தக் குரல்களைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியை ஒளித்துவைத்துப் போட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரல் கேட்டதும் குரங்குகள் மரமேறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்குச் சுற்றியுள்ள புல்தரையை நோட்டம் விட்டன. 1980இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தவர்கள், குரங்குக்கும் சொற்கள் உண்டு என்று குதூகலித்ததில் வியப்பில்லை. ஆனால் “நேற்று இந்தப் பக்கம் சிறுத்தை வந்துச்சு, பார்த்துப் போ” என்று ஒரு குரங்கு இன்னொன்றிடம் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இந்த விஷயத்தில் தேனீ குரங்கைவிடக் கெட்டி. கண்ணெதிரே இல்லாத பூவைப் பற்றிக் கூட்டுக்குள் இருட்டில் சேதி சொல்கிறது. செங்குத்தான அடையில் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடும். அந்த ஓட்டம் நேர் மேல்நோக்கி இருந்தால் சூரியன் இருக்கும் திசையில் போ என்று அர்த்தம். வலப்பக்கம் 40 டிகிரி சாய்ந்தால் சூரியனுக்கு வலப்பக்கம் 40 டிகிரி. ஆட்டம் நீள நீளத் தூரமும் அதிகம். இதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவரே செய்த இன்னொரு சோதனைதான் எனக்குப் பிடித்தது. வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்தார், உச்சியில் சர்க்கரைப் பாகை வைத்தார். உச்சிக்குக் கொண்டுபோகப்பட்ட தேனீக்கள் பாகைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மும்முரமாக ஆடின. ஆட்டத்தைப் பார்த்துக் கிளம்பியவை சுற்றுவட்டாரப் புல்வெளியெல்லாம் தேடின. மேலே போக வேண்டும் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் உயரத்துக்கு இடமே இல்லை. புதிதாக ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் இருப்பதை மாற்றிப் போட்டுச் சமாளிப்போமே, அந்தச் சாமர்த்தியம் தேனீக்கு இல்லை.

சரி, நாமே கற்றுக்கொடுத்தால்? அமெரிக்காவில் ஹெர்பர்ட் டெரஸ் ஒரு சிம்பன்சிக் குட்டிக்குச் சைகை மொழி பழக்கினார். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியை வம்புக்கு இழுத்து அதற்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயர் வைத்தார். நூற்றுக்கு மேல் சைகைகள் பழகியது. அதன் நீளமான ‘வாக்கியத்தில்’ 16 சைகைகள். ஆரஞ்சு, கொடு, நான், தின்ன, இவையே திரும்பத் திரும்ப. வீடியோவை நிதானமாக ஓட்டிப் பார்த்த டெரஸ், பெரும்பாலும் ஆசிரியரின் சைகையைத்தான் அது திருப்பிப் போட்டிருக்கிறது என்று 1979இல் தானே எழுதினார்.

இப்போது நாய் மிதித்தால் பேசும் பொத்தான்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ‘வெளியே’ என்ற பொத்தானை மிதித்தால் கதவு திறக்கும் என்று நாய்க்கு நிச்சயம் பழகிவிடும். அதற்குமேல் அதனிடம் உரையாடலை எதிர்பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். வெளியே போக வேண்டும் என்பதை அது வாலாலேயே சொல்லும்.