டிக்கட் வெட்டிய பிறகு

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டிவிட்டார்கள் என்றால் நோய் முடிந்தது என்று நம் லயங்களில் ஒரு கணக்கு இருக்கிறது. காய்ச்சலுக்கு அந்தக் கணக்கு சரிதான். புற்றுநோய்க்கு அது சரிவராது. ஏன் சரிவராது, அதைத் தொழிற்சங்கம் ஏன் தன் வேலையாக எடுக்க வேண்டும் என்பதையே இந்த முறை எழுதுகிறோம். சம்பளப் பிரச்சினை மலையாகக் கிடக்கும்போது இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுக்கு இது பாடசாலை வழியாகத்தான் தெரியவந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதலாம் பாடம் முடிந்த பிறகே வருவாள். வீட்டு வேலைக் கொப்பி வெறுமையாக இருக்கும். கண்டித்தோம். ஒரு நாள், வெட்கத்தோடுதான் சொல்கிறோம், வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தோம். அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். அவளுடைய அம்மா மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்து, மருந்து ஏற்றி, கரண்ட் பிடித்து எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அம்மா வந்த பிறகு பிள்ளையின் வேலை குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது.

காரணம் எளிது. சிகிச்சை நடந்த மாதங்களில் அம்மாயி வந்து தங்கியிருந்தார். பக்கத்துக் காம்பராவில் இருந்து குழம்பு வந்தது. கோயில் கமிட்டி கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தது. நம் சங்கமும் கொடுத்தது, போட்டோவும் எடுத்தது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் நல்ல மனதோடு "இனிச் சுகம்தானே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அம்மாயி ஊருக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தண்ணீர் பிடிப்பது, சோறு ஆக்குவது, அம்மாவுக்குத் தலைவாரிக் கொண்டை போடுவது எல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தன.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். பாடசாலைக்குக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்து வராந்தாவில் நின்றுகொண்டே பேசினார். "ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளெல்லாம் என்ன செய்யணும்னு தெரிஞ்சிச்சு சேர். எந்த பஸ், எந்த வார்ட்டு, எத்தனை மணி, எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. இப்ப வீட்டுல இருக்கா. இனி என்ன செய்யணும்னு யாரும் எழுதிக் குடுக்கல." இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்தப் பேச்சுதான். கணவன் மனைவி இருவரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறோம். பேரும் தோட்டமும் வேண்டாம் என்றார்கள்.

அந்த அக்கா பெரட்டுக்களத்துக்குத் திரும்பிப்போன முதல் நாளைச் சொல்ல வேண்டும். கையில் டொக்டர் கொடுத்த துண்டு இருந்தது. பாரமான வேலை கொடுக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில். கங்காணி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூடை தலையிலதானே தொங்குது, கையிலயா தொங்குது?" என்று கேட்டாராம். கங்காணியை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளைக்கு மேலே துரை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருவர் அன்று அங்கே நின்றிருக்க வேண்டும். அந்த ஒருவர் தோட்டத் தலைவராக இருந்திருக்க வேண்டும்.

பதில் இதுதான். மார்பகப் புற்றுநோய் ஒப்பரேசனில் பல பேருக்கு அக்குளில் இருக்கும் நெறிகளையும் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையில் சேரும் நீர் வடிந்து போகும் வழி குறைந்துவிடுகிறது. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் சிலருக்குக் கை வீங்கிப் பாரமாகிவிடும். ஒப்பரேசன் முடிந்து மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் கழித்துக்கூட வரலாம். அந்தக் கையில் ஒரு கீறல், ஒரு அட்டைக்கடி புண்ணாகிக் கிருமி தொற்றினால் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியும் வரலாம். கொழுந்து மலையில் கீறலும் அட்டையும் இல்லாத நாள் உண்டா? கூடை தலையில் தொங்குகிறது, உண்மைதான். நிறுவைக்கு அதை இறக்குவதும் தூக்கிக் கொட்டுவதும் கைதானே? செடிக்கு மேலே நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுவதும் கைதானே?

கை இருக்கட்டும், களைப்பு இருக்கிறது. மருந்து ஏற்றி, கரண்ட் பிடித்து முடிந்தவரின் களைப்பு தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. சிகிச்சை முடிந்து பல மாதம் நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. முடி முளைத்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது, ஆள் பழையபடி இருக்கிறாள் என்று மலையில் பேசிக்கொள்வார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கால் நடுங்குவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வாரத்தில் ஒரு நாளும் அவரால் 18 கிலோவை எட்ட முடியவில்லை. எல்லா நாளும் அரைப்பேர். அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று 2024 இல் வர்த்தமானி வந்தபோது பட்டாசு கொளுத்தினோம். அரைப்பேர்க்காரிக்கு அப்போது கிடைத்தது அதில் பாதி, 675. கணவருக்கும் இதில் இழப்பு உண்டு. அத்தனை மாதமாக மருந்து ஏற்றப் போன ஒவ்வொரு தடவையும் அவரும் கூடப் போனதால் இரண்டு பேர் பேரும் விழவில்லை. பஸ் காசு, கடைச் சாப்பாடு, கொழும்புப் பக்கம் ஒரு இராத் தங்கல். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், போய்வருவது இலவசம் இல்லை. தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கிறது. நோய் முடிந்தது என்று எல்லாரும் சொன்ன அந்த வாரத்தில்தான் கடன்காரன் வாசலுக்கு வந்தான்.

தோட்டத்தில் இருந்து வந்த யோசனை, பேரை வெட்டிக்கொண்டு சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளட்டும் என்பது. கணவரும் அரை மனதாக அதற்குச் சம்மதித்திருந்தார். அக்கா சம்மதிக்கவில்லை. "வீட்டுல சும்மா உக்காந்தா நோய்தான் ஞாபகத்துக்கு வருது. மலையில நாலு பேரோட நின்னா நான் மனுசியா இருக்கேன்" என்றார். நாங்களும் முதலில் ஓய்வுதான் நல்லது என்று நினைத்தவர்கள். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டோம். வேலையில் இருந்து ஒதுக்கிவைப்பது இரக்கம் மாதிரித் தெரிகிறது, ஆனால் அதில் லாபம் தோட்டத்துக்குத்தான். அவருக்கு வேண்டியது வேலைக்குத் திரும்பிப்போக ஒரு படிக்கட்டு. வைத்தியர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கையை அசைக்காமல் வைத்திருப்பதும் கூடாது, ஒரே நாளில் பழைய பாரத்தைப் போடுவதும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பேரை வெட்டிச் சேமலாப நிதியை மொத்தமாக எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையில் இருந்துகொண்டே, மருத்துவத் தேவைக்காகக் கணக்கில் இருந்து 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் காசு கட்டியிருக்க வேண்டும், கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எந்தத் தோட்டப் பாடசாலைக்கும் வாருங்கள், ஆசிரியர்கள் நிரப்பித் தருவோம்.

படிக்கட்டு என்று நாங்கள் கேட்பது என்ன? டொக்டரின் கடிதத்தோடு வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் நர்சரியிலோ பிள்ளை மடுவத்திலோ கை தாங்கக்கூடிய வேலை, முழுப்பேரோடு. அடுத்த மூன்று மாதம் கொழுந்து, ஆனால் பாதி நிறைக்கு முழுப்பேர். கிளினிக் நாளில் நோயாளியும் கூடப் போகிற ஒருவரும் வேலைக்கு வராதவர்களாகக் கணக்கில் எழுதப்படக் கூடாது. ஒரு தோட்டத்தில் ஒரே நேரத்தில் இப்படி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கம்பனி இதனால் கவிழ்ந்துவிடாது. பிள்ளைப் பேற்றுக்குச் சம்பளத்தோடு 84 நாள் லீவு என்பதை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. தாய்மார் ஒரு காலத்தில் அது இல்லாமல்தான் மலை ஏறினார்கள். அது துரைமார் மனமிரங்கிக் கொடுத்தது இல்லை, சட்டமாக வந்தது.

இனி வீட்டுக்குள் நடப்பதைப் பேச வேண்டும். சங்கப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள்.

சிகிச்சை நடந்த காலத்தில் அந்த அண்ணன் பீலிக்கரையில் மனைவியின் சேலையைத் துவைத்தார். அப்போதே இளவட்டங்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. இப்போதும் துவைக்கிறார், இப்போது பெரியவர்களும் சிரிக்கிறார்கள். அதுதான் சுகமாகிவிட்டாளே, இன்னும் என்ன? அவரே ஒரு நாள் கோபத்தில் "எல்லாம் முடிஞ்சிருச்சே, ஏன் இன்னும் இப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருவரும் பேசவில்லை. இதையே திருப்பி யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் நம் ஆட்களின் மடியில் எப்போதும் இருக்கின்றன. அப்படி ஒருவர் வாயில் ஒப்பரேசன் செய்து வந்து, உறைப்பு ஒரு சொட்டுத் தாங்காமல், ரொட்டி மெல்ல முடியாமல் இருக்கும்போது மனைவி கஞ்சி காய்ச்சி, சட்டை துவைத்து, பேரும் போட்டுக்கொண்டு வந்தால் பீலிக்கரையில் யார் சிரிக்கிறார்கள்?

பேச்சு விஷயம் ஒன்று. அவர்கள் சொல்லும்வரை எங்களுக்குத் தோன்றவில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு, கூரைவரை எழும்பாத சுவருக்கு இந்தப் பக்கம், கணவனும் மனைவியும் எதைப் பேச முடியும்? பயத்தைப் பேச முடியாது. உடம்பில் ஒரு பகுதி போய்விட்டதைப் பற்றிப் பேச முடியாது. அருகில் படுப்பதற்கே இருவரும் தயங்கினார்கள், ஏன் என்று கேட்கவும் முடியவில்லை. அவர்கள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் கிளினிக் பஸ்ஸில்தானாம். விடியற்காலை இருட்டில் ஏறினால் நான்கைந்து மணி நேரம், பக்கத்தில் தெரிந்த ஆள் யாரும் இல்லை. "அந்த பஸ்லதாங்க நாங்க குடும்பமா இருந்தோம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சிகிச்சை முடிந்ததும் பஸ்ஸும் நின்றது, பேச்சும் நின்றது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு கிளினிக். அந்தத் திகதி நெருங்க நெருங்க இருவருக்கும் தூக்கம் வராது. அவர் அவளிடம் சொல்வதில்லை, அவள் அவரிடம் சொல்வதில்லை. லயத்தை உடைத்துத் தனிவீடு கொடு என்று நாம் கேட்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தனித் தம்ளர், தனித் தட்டு வைத்த வீடுகளும் அந்த வரிசையில் இருந்தன. புற்றுநோய் தொற்றாது. கரண்ட் பிடித்தவர் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இந்த விஷயம் முதலில் மாதர் சங்கத் தலைவியிடம்தான் போனது. அவர் தோட்டக் கமிட்டியில் சொன்னார். பொம்பளைப் பிரச்சினை, நீங்களே பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 1000 ரூபாய்க்காக வருடக்கணக்கில் ரோட்டில் நின்றோமே, அன்று முன்வரிசையில் நின்றவர்கள் யார்? இப்போது நாங்கள் இருவர் போய் மறுபடி பேசியதில், தலைவரும் கூட வந்து துரையைச் சந்தித்தார். மூன்று மாதம் நர்சரியில் முழுப்பேர் என்று துரை சொன்னார். வாயால்தான் சொன்னார். எழுதிக் கேட்டதற்கு, எழுதினால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் நாங்களும் இதை எழுதுகிறோம். உங்கள் தோட்டத்தில் இப்படித் திரும்பி வந்தவர் இருந்தால் தலைவரிடம் சொல்லி மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். ஒரு தோட்டத்துக்குச் சலுகையாக இல்லாமல் எல்லாத் தோட்டத்துக்கும் கோரிக்கையாக வைக்க நமக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

அக்கா இப்போது நர்சரியில் பைக்கு மண் நிரப்புகிறார். அந்த மூன்று மாதம் வருகிற மாதக் கடைசியில் முடிகிறது. பிள்ளை பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறாள். அண்ணன் பீலிக்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்த கிளினிக் 14 ஆம் திகதி, இருவரும் சேர்ந்தே போகிறார்கள். பாரம் வேண்டாம் என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை கிலோ தூக்கலாம், எத்தனை மாதத்துக்கு, எந்த வேலை கூடாது என்று டொக்டரிடம் விவரமாக எழுதிக் கேட்க வேண்டும். அதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தாள் பிள்ளையின் வீட்டு வேலைக் கொப்பியில் கிழித்தது.