விடுமுறை நாளும் விடுதலை நாளும்

ஜூன் 17 நம் மணியாச்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தேதியாகும். 1911-இல் அன்றுதான் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரை இந்த ஜங்ஷனில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டு மாண்டார். ஸ்டேஷனுக்கே இன்று வாஞ்சி மணியாச்சி என்று பெயர். 110 வருஷங்கள் கழித்து, 2021-இல் அதே ஜூன் 17-ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கறுப்பு மக்கள் அடிமைத்தளை நீங்கியதற்கு அறிகுறியாக ஜூன் 19-ஆம் தேதியைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டம் அது. இரண்டும் விடுதலையின் பேரால் நினைக்கப்படுகிற தேதிகளே. ஆனால், யாருக்கு விடுதலை என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி. வாஞ்சியிடம் அகப்பட்ட கடிதம் சநாதன தர்மம் மிதிக்கப்படுவதாகக் குறைப்பட்டதேயொழிய, அந்தத் தர்மத்தின் காலடியில் மிதிபட்டுக் கிடந்த சேரி ஜனங்களைப் பற்றிக் குறைப்படவில்லை.

அமெரிக்கச் சங்கதியைச் சற்றுக் கவனியுங்கள். 1863 ஜனவரி 1-ஆம் தேதியே லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்துவிட்டார். ஆனாலும் டெக்ஸாஸ் மாகாணத்து எஜமானர்கள் அடிமைகளை விட்டபாடில்லை. இரண்டரை வருஷம் கழித்து, 1865 ஜூன் 19-இல், ஜெனரல் கிரேஞ்சர் பட்டாளத்துடன் கால்வெஸ்டன் நகருக்கு வந்து உத்தரவை வெளியிட்ட பிறகுதான் அங்கே விடுதலை தலைகாட்டிற்று. மறு வருஷம் முதலே அம்மக்கள் அந்நாளைத் தாங்களாகவே கொண்டாடினார்கள். சர்க்கார் விடுமுறை கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

“அது கறுப்பர் கதை, நமக்கென்ன?” என்பார் சிலர். “நம் புண்ணிய பூமியில் அடிமையே கிடையாது” என்பார் வேறு சிலர். அப்படியானால், கோயிலுக்கு மனிதர் விற்கப்பட்டதைச் சொல்லும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் எந்த நாட்டுக் கல்வெட்டுகள்? நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாளையும் கைமாற்றிய வழக்கம் எந்த நாட்டு வழக்கம்? மராட்டியத்தில் ஜோதிராவ் புலே 1873-இல் எழுதிய ‘குலாம்கிரி’ என்ற புத்தகத்தை அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்த மக்களுக்கே சமர்ப்பணம் செய்தார். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

வெள்ளைக்கார சர்க்காருக்கும் நாம் மாலை போடவில்லை. 1833-இல் அவர்கள் செய்த அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட நம் பிரதேசங்களை ஒதுக்கி வைத்தது. பத்து வருஷம் சென்று, 1843 ஏப்ரல் 7-இல் 5-ஆவது சட்டம் வந்தது. அடிமை என் சொத்து என்று எவன் வழக்காடினாலும் கோர்ட்டார் ஏற்கக்கூடாது என்றது அது. ஆனால் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமையாக ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்க 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குள் அடிமை ஓலை போய்க் கடன் பத்திரம் வந்துவிட்டது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். இந்தக் கொத்தடிமையை ஒழிக்கச் சுதந்திரம் வந்தும் 1976 வரை பார்லிமெண்டுச் சட்டமில்லை!

இத்தனை தேதிகளில் ஒன்றுக்காவது பஞ்சாங்கத்தில் இடமுண்டா? யானைத்தலைப் பிள்ளையார் பிறந்ததற்கு விடுமுறை. கிருஷ்ணன் பிறந்ததற்கு விடுமுறை. நரகாசுரன் செத்ததற்கு விடுமுறை. நடக்காத கதைக்கு வருஷந்தோறும் பட்டாசு! நம் பாட்டன், பூட்டன் கழுத்துக் கயிறு சட்டப்படி அறுபட்ட நாளோ படித்தவனுக்கும் தெரியாது. தெரிந்தால், அறுந்த கயிறு ஏன் இன்னும் கழுத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுவானே!

தோழர்களே! லீவு கொடுங்கள் என்று மனுப்போடுவது நம் வேலையல்ல. வருகிற ஏப்ரல் 7-ஆம் தேதி கரிசல் கிராமம் ஒவ்வொன்றிலும் தமுக்கடித்துக் கூட்டம் கூட்டுங்கள். கொத்தடிமைக் கடன் செல்லாது, அதற்காக ஆளைப் பிடித்து வைப்பவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று 1976-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வதை உரக்க வாசியுங்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர் காதில் அது விழட்டும். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கிறவர் நம் இயக்கத்து மேடையில் மாலை வாங்குகிறவராயிருந்தால், முதலில் அவர் வாசலில் வாசியுங்கள்.