அம்பயருக்கு ராயல்டி!

நாவலூரில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அசோசியேஷன் செயலாளரின் மச்சானுக்கு லிஃப்ட் கான்ட்ராக்ட் போய்விட்டால் அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப் பற்றி எரியும். 'கணக்கு பார்க்க வெளியாள் வேணும்' என்று ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் கிளம்பிவிடுவார். நல்லதுதான். ஆனால் அதே உஷார், நம் உடம்பு விஷயத்தில் எங்கே போகிறது?

நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக காட்டாங்குளத்தூர் போனால் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2020 ஜூலை 2-ம் தேதி அந்த மருத்துவமனை உட்பட நாட்டில் 12 மருத்துவமனைகளுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (அதாங்க, ஐ.சி.எம்.ஆர்.) அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா. கோவாக்சின் தடுப்பூசிக்கான சோதனைகளை எல்லாம் முடித்து ஆகஸ்ட் 15-க்குள் மக்களிடம் கொண்டுபோக உத்தேசம். அனுமதி எல்லாம் வேகமாக வாங்கி ஜூலை 7-க்குள் ஆள் சேர்க்க ஆரம்பியுங்கள். தவறினால் கடுமையாக எடுத்துக்கொள்ளப்படும் என்றது கடிதம்.

'அனுமதி எல்லாம்' என்றாரே, அதில் ஒன்று நெறிமுறைக் குழுவின் அனுமதி. மனிதர்கள் மேல் எந்தச் சோதனை நடந்தாலும், இது நியாயமா, ஆபத்து எவ்வளவு, சம்மதம் ஒழுங்காக வாங்குகிறார்களா என்று பார்த்து, தேவைப்பட்டால் 'முடியாது' என்று சொல்ல இருக்கிற குழு அது. 'முடியாது' சொல்ல வேண்டிய குழுவுக்கு ஐந்து நாள் கெடு. கூடவே மிரட்டல். எதிர்ப்பு கிளம்பியதும், 'சிவப்பு நாடாவைக் குறைக்கத்தான் எழுதினோம்' என்று விளக்கம் வந்தது. ஐயா, நெறிமுறைக் குழு எப்போதிலிருந்து சிவப்பு நாடா ஆனது? டெல்லி எய்ம்ஸின் குழு அவசரப்படாமல் ஜூலை 18-ல்தான் ஒப்புதல் கொடுத்தது. அந்தக் குழுவுக்கு ஒரு கும்பிடு.

கோவாக்சின் வேலை செய்தது. கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள். என் சண்டை தடுப்பூசியோடு இல்லை. இந்த நாட்டில் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளை எழுதுவது இதே ஐ.சி.எம்.ஆர்.தான். பாரத் பயோடெக்குடன் சேர்ந்து கோவாக்சினை உருவாக்கியதும் இதே ஐ.சி.எம்.ஆர்.தான். விற்பனையில் 5 சதவிகித ராயல்டியும் அதற்கே. 2022 ஜனவரி வரை 171 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த கம்பெனிச் சட்டப்படி, ஆடிட்டர் தான் தணிக்கை செய்யும் கம்பெனியில் ஒரு பங்குகூட வைத்திருக்க முடியாது. ஷேர் மார்க்கெட்டுக்கு இருக்கிற சுத்தபத்தம் நம் ரத்தத்துக்கும் நரம்புக்கும் கிடையாதா?

இன்னொரு வேடிக்கை. மருந்துச் சோதனைகளைப் பார்க்கும் குழுக்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவு செய்கின்றன. மற்ற மருத்துவ ஆய்வுகளுக்கான குழுக்கள் பதிவு செய்ய வேண்டியது மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையிடம். அந்தத் துறையின் செயலாளர் யார்? ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநரேதான். ஒரே ஆள், இரண்டு நாற்காலி.

நல்ல மனிதர்கள் இதில் இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1980-ல் ஐ.சி.எம்.ஆரின் முதல் நெறிமுறை அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. எமர்ஜென்சியில் ஒற்றை ஆளாக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய அதே கன்னா. 2000-ல் வந்த அறிக்கைக்கு முன்னாள் தலைமை நீதிபதி வெங்கடாசலய்யா. ஆனால் நாற்காலி போட்டதும், காபி கொடுத்ததும் ஐ.சி.எம்.ஆர்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) பள்ளிச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். அமெரிக்காவின் பாத் அமைப்பு நடத்திய திட்டம். ஐ.சி.எம்.ஆரும் உடன் இருந்தது. குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. மொத்தம் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசி காரணம் இல்லை என்றது விசாரணைக் குழு. இருக்கட்டும். சம்மதம் கொடுத்தது யார்? ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763-ல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்கிறது 2013-ல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை. பெற்ற அம்மா அப்பா எங்கேயோ கூலி வேலையில். வார்டன் சம்மதிக்கிறார்! ஐ.சி.எம்.ஆரையும் அந்த அறிக்கை விட்டுவைக்கவில்லை.

சட்டத்தில் குறையில்லை. 2019 விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரண மனிதர் கட்டாயம். டாக்டர் தொழிலோடு சம்பந்தமில்லாத, உள்ளூர் மொழியும் பழக்கவழக்கமும் தெரிந்த நம்மைப் போன்ற ஒருத்தர். அவர் வராவிட்டால் கோரம் கிடையாது. எவ்வளவு பெரிய அதிகாரம் பாருங்கள்! அவர் யார், யார் சிபாரிசில் வந்தார், எத்தனை முறை வாயைத் திறந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? சோதனைகளைப் பதிவு செய்யும் அரசின் பட்டியலில் குழுவின் பெயர் இருக்கும், ஒப்புதல் கொடுத்தார்களா என்று இருக்கும். ஆட்களின் பெயர்?

பிரான்ஸில் 1983-லேயே தேசிய நெறிமுறைக் குழு அமைத்தார்கள். விஞ்ஞானிகளோடு தத்துவவாதிகளும், மத நம்பிக்கைகளின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம், ஐ.சி.எம்.ஆருக்கு வெளியே வேண்டும். நோயாளியும் கூலித் தொழிலாளியும் அதில் உட்கார வேண்டும். கூட்டக் குறிப்பு தமிழிலும் வர வேண்டும். அதில் இருப்பவருக்கு எந்த மருந்திலும் பங்கு கூடாது.

அது வருகிறவரை ஒரு வேலை செய்யலாம். என்றாவது உங்கள் வீட்டில் யாரிடமாவது 'ஒரு ஸ்டடி, இங்கே கையெழுத்துப் போடுங்க' என்று தாளை நீட்டினால், அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். இருந்தே ஆக வேண்டும். போன் போடுங்கள். 'உங்க கமிட்டியில சாதாரண ஆள் ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட பேசணும்' என்று கேளுங்கள். லைனை வைத்துவிட்டால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வாருங்கள்.