பாட்டிக்கு ஏது சட்டைப் பை?

தாத்தாவுக்குக் காது மந்தம் என்றால் கவலை இல்லை. கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்பிவிடுவார்.

பாட்டிக்கு? சேலையில் பை ஏது?

‘பாக்கெட் மாடல்’ என்று கேட்டால் கடையில் எடுத்துப் போடுவார்கள். சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். காதுக்குப் பின்னால் மாட்டும் புது ரகங்கள் வந்த பிறகும் இது விற்கத்தான் செய்கிறது. விலை மலிவு. பென்சில் பேட்டரி போதும், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கை நடுங்குகிற வயசில் மிளகு சைஸ் பட்டன் பேட்டரியை மாற்றுவது லேசா?

ஆனால் பெயரே ‘பாக்கெட்’! ஆம்பளைச் சட்டையை நினைத்துச் செய்த சாமான்!

கரகர... கரகர...

பாட்டி என்ன செய்கிறார்? இடுப்பில் செருகுகிறார். ஜாக்கெட்டுக்குள் போடுகிறார். முந்தானையில் முடிகிறார்.

அங்கேதான் வினை! மைக் இருப்பது காதில் அல்ல, பெட்டியில். அதன் மேல் சேலை உரசினால் காதுக்குள் கரகர சத்தம். துணி மூடினால் பேச்சு அமுங்கிவிடும். வேர்வை இறங்கினால் கருவிக்கே ஆபத்து.

நாலு நாள் பார்ப்பார். “இந்தச் சனியனே வேண்டாம்டி” என்று பீரோவில் வைத்துவிடுவார்.

அப்புறம்? மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னது காதில் விழாது. பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், “கிழவிக்குத் திமிரைப் பாரு” என்ற பட்டம் வேறு!

டெய்லரிடம் போங்கள்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பெட்டிக் கருவி கொடுத்த காலத்தில், மார்பில் பட்டை கட்டித் துணிப் பைக்குள் வைத்துத்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஓடினாலும் குதித்தாலும் விழாது. பேரனுக்கு ஆனது பாட்டிக்கு ஆகாதா?

தெருமுனை டெய்லரிடம் கருவியையே கொண்டுபோய் அளவு கொடுக்கலாம். மெல்லிய பருத்தித் துணியில் இறுக்கமான பை. மைக் பக்கம் திறந்திருக்க வேண்டும். கழுத்தில் ஒற்றைக் கயிறு கூடாது. குனிந்தால் ஊஞ்சல் ஆடும், அடுப்பில் இடிக்கும். இரண்டு தோளிலும் பட்டை போய், முதுகில் குறுக்கே சேர வேண்டும். துவைத்து மாற்ற இரண்டு பையாகத் தைத்தால் நல்லது. சேலைக்கு மேலே, நடு மார்பில் போட்டால் எதிரில் பேசுகிறவர் குரல் நேராக வந்து விழும்.

“நாலு பேர் பார்ப்பாங்களே?” பார்க்கட்டுமே! மூக்கில் கண்ணாடி மாட்ட யார் வெட்கப்படுகிறார்கள்? வால்வு வைத்த கருவிக் காலத்தில் பேட்டரியையே தனியாக உடம்பில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1950-களில் ட்ரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அந்தப் பாரம் குறைந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. எந்த முகாமில் பெட்டிக் கருவி கொடுத்தாலும், கூடவே ஒரு பையும் பட்டையும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஜவுளிக் கடையில் புடவை வாங்கினால் பை சும்மா தருகிறார்கள். காது கேட்கும் கருவிக்குத் தர மனசு வராதா?

பாட்டிக்குக் காது கேட்க வேண்டுமானால், முதலில் இது விற்கிறவர்கள் காதில் விழ வேண்டும்!